பத்து மங்கள வார்த்தையில் வேகும் முட்டை

எங்கள் அம்மா சமையலறையில் கடிகாரம் வைத்துக்கொண்டதே இல்லை. ஜெபத்தை வைத்துத்தான் சமைப்பாள். பால் காய ஒரு விசுவாசப் பிரமாணம். தேநீர் ஊற ஒரு பரலோக மந்திரம். அப்பாவின் காலை முட்டைக்குப் பத்து மங்கள வார்த்தை, அதாவது மாதாவை நோக்கிச் சொல்லும் அந்தச் சின்ன ஜெபம் பத்துத் தடவை. பால் பொங்கி வழிந்தால் அடுப்பைக் குறை சொல்ல மாட்டாள். எவனோ சாத்தானுக்குக் கதவைத் திறந்துவிட்டான் என்பாள். பெரும்பாலும் அந்த எவன் நான்தான்.

அவளை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகியும் அப்பா சாப்பிடவில்லை. கஞ்சியில் இரண்டு வாய், அவ்வளவுதான். சர்க்கரை மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் போட்டுக்கொண்டார். வெறும் வயிற்றில் இப்படியே போட்டால் எங்கேயாவது மயங்கி விழுவார் என்று டாக்டர் எங்களைப் பிடித்து உலுக்கிவிட்டார். பத்தாம் நாள் காலையில் அப்பாவே வாயைத் திறந்தார்.

"ஒரு முட்டை கிடைக்குமா?"

நாங்கள் மூன்று பேரும் சமையலறை வாசலில் முட்டி மோதிக்கொண்டோம். அப்பாவுக்கு வெள்ளை கெட்டியாக இருக்க வேண்டும், மஞ்சள் மட்டும் தேன் பதத்தில் இருக்க வேண்டும். அது எங்களுக்குத் தெரியும். பத்து மங்கள வார்த்தை என்பதும் தெரியும். அப்புறம் என்ன கஷ்டம் என்று நினைத்தோம்.

முதலில் தம்பி. பாதிரியாராகப் படிக்கக் குருமடத்துக்குப் போய் மூன்றே மாதத்தில் திரும்பி வந்தவன், அதனால் வீட்டில் அவனுக்கு அரைச்சாமியார் என்று பெயர். சின்ன வயதில் விளையாடப் போகும் அவசரத்தில் ஜெபம் சொல்லிப் பழகிய வேகம் இன்னும் விடவில்லை. தண்ணீரில் முட்டையைப் போட்டான், மூச்சு விடாமல் பத்தையும் முடித்தான். உடைத்தபோது முட்டை தட்டில் ஓடியது. அப்பா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்து அக்கா. பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. ஒவ்வொரு சொல்லையும் மாதாவுக்கே பாடம் நடத்துவதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அப்போதும் வெள்ளை கொழகொழவென்றுதான் இருந்தது. ரோஷம் வந்து, கைபேசியில் பத்து நிமிடம் வைத்து இன்னொன்றை வேகவைத்தாள். அதைச் சுவரில் எறிந்திருந்தால் சுவருக்குத்தான் சேதம்.

"இது அவ முட்டை இல்ல" என்று தட்டைத் தள்ளினார் அப்பா.

மிச்சம் இருந்தது நான். லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு வருஷமாகக் கோயில் வாசலை மிதிக்காதவன். "ஏழாவது மாடிக்கு மேல யாரு இருக்காங்கன்னு இவனுக்குக் கவலையே இல்ல" என்று அம்மா போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவைத்திருந்தாள். எனக்கு ஜெபத்தின் பின்பாதிதான் நினைவிருந்தது.

"பத்துன்னா பத்துதானே, இதுல என்ன ரகசியம்?" என்று அக்கா எரிந்து விழுந்தாள்.

"அவ பத்து வேற, உங்க பத்து வேற."

திரும்பிப் பார்த்தால் அப்பா நிற்கிறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஹார்ன் சத்தத்தில் காது போய்விட்டது என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம். அம்மா சிலிண்டர் மாற்ற நான்கு தடவை கூப்பிட்டாலும் பேப்பருக்குப் பின்னாலிருந்து தலை நிமிராத மனுஷன். முக்காலியை இழுத்துப் போட்டு அடுப்பருகே உட்கார்ந்தார்.

"முட்டையைப் போடு. சின்னவனே, ஆரம்பி."

"அருள் நிறைந்த மரியே வாழ்க..."

"நிறுத்து. 'யாருடா அது, குழாயை மூடாம போனது?' ம், இப்ப மேல சொல்லு."

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தம்பி சொல்லி முடித்தான். இரண்டாவதன் நடுவே அப்பா மறுபடி நிறுத்தி, அம்மா பேசுவதுபோலவே சொன்னார். "'ஏங்க, கண்ணாடி உங்க நெத்தி மேலதான் இருக்கு.'" நான்காவதில் ஈரத்தலையோடு போகாதே என்று அக்காவுக்குத் திட்டு. ஏழாவதில் 'பாவிகளாகிய எங்களுக்காக' என்ற இடம் வந்ததும், "'எங்க கொடியில துணி காயப்போடுற கீழ்வீட்டுக்காரியையும் சேத்துக்கங்க.'" அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இவ்வளவும் உங்களுக்குக் கேட்டுச்சாப்பா? அப்ப சிலிண்டருக்குக் கூப்பிட்டப்ப ஏன் வரல?" என்று கேட்டாள் அக்கா.

"கேட்டுச்சுன்னு காட்டிக்கிட்டா எந்திரிக்கணுமே" என்றார் அப்பா. "பேசாம இரு. பத்தாவது வருது. அது நடுவுலவனோடது. அதுதான் ரொம்ப நேரம் ஓடும்."

எனக்குக் காது சூடானது. கோயிலுக்கு வராத பாவத்தைத்தான் தினமும் மாதாவிடம் புகார் செய்திருப்பாள் என்று நினைத்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவின் இழுப்போடு சொன்னார்.

"'தாயே, இவன் கோயிலுக்கு வராட்டியும் பரவாயில்ல. லிஃப்ட் குழியில இறங்குறப்ப மட்டும் மேல நின்னு கயித்தைப் பிடிச்சுக்கங்க. நேத்து போன் பண்ணல, வேலையா இருந்திருப்பான். இன்னைக்குப் பண்ணுவான். கொஞ்சம் ஞாபகப்படுத்துங்க.'"

நான் அன்றும் பண்ணவில்லை. அதற்கு மறுநாளும் பண்ணவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சாக்குச் சொல்லப் பக்கத்தில் வெங்காயம்கூட இல்லை. ஜெபத்தின் பின்பாதியை நான்தான் சொன்னேன். ஆமென் சொன்னதும் அடுப்பை அணைத்தேன்.

முட்டையை எடுத்து உடைத்தோம். வெள்ளை கெட்டி, மஞ்சள் தேன் பதம். அப்பா உப்புத் தூவி, ஒரு துளி விடாமல் வழித்துச் சாப்பிட்டார். பிறகு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"நாளைக்கு நீயே வந்து வேகவை" என்றார் என்னிடம். "பத்தாவதை மட்டும் முழுங்கிடாத. முட்டை வேகாது."