புலி இல்லாத ஆட்டம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எங்கள் ஊர் சிக்கலில் அதை என் முகத்துக்கு நேராகவே சொல்லுவார்கள். ஆனால் அன்றைக்கு இராமநாதபுரத்தில், பாக்கர் பாயின் புத்தகக் கடையில் எனக்கு வந்தது கோபமில்லை, வெட்கம். ஒரு புத்தகம் வாங்கப் போன இடத்தில், ஒன்பது வருஷமாக எனக்குச் சோறு போடுகிறவளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று தெரிந்துபோனது.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான்காரர்கள் ஆடுவது, கோ என்று பேர். குறுக்கே பத்தொன்பது கோடு, நெடுக்கே பத்தொன்பது கோடு. ஒருவருக்குக் கறுப்புக் கல், ஒருவருக்கு வெள்ளைக் கல். கோடும் கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வைக்கவேண்டும். வைத்த கல் நகராது. எதிராளியின் கல்லைச் சுற்றி அடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் அது பெரிய விஷயமில்லை. கடைசியில் யார் அதிகமான காலி இடத்தை வளைத்து வைத்திருக்கிறாரோ அவருக்குத்தான் ஜெயம்.

இதை நான் கற்றுக்கொண்டது சயாம் காட்டில். முப்பத்தேழில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனேன். கல்யாணம் ஆகி இரண்டு வருஷம். நாகலெட்சுமிக்கு அப்போது பத்தொன்பது வயது. யுத்தம் வந்ததும் ஜப்பான்காரன் எங்கள் தோட்டத்து ஆட்களை ரயில் பாதை போடச் சயாமுக்கு இழுத்துக்கொண்டு போனான். என்னோடு போனவர்களில் பாதிப் பேர் அந்த மண்ணிலேயே போய்விட்டார்கள். நான் பிழைத்தது ஒரு ஜப்பான் சர்வேயருக்கு நிலம் அளக்கிற சங்கிலி பிடிக்கிற வேலை கிடைத்ததால். அவனுக்கு ஆட ஆளில்லை, என்னைப் பிடித்து எதிரே உட்காரவைத்தான். அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது. தப்பாக வைத்தால் கையைத் தட்டிவிடுவான், சரியாக வைத்தால் உறுமுவான். இரண்டு வருஷம் இப்படியே போனது. அதனால் ஆட்டம் என் கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. ஊமை கண்ட கனவுதான்.

நாற்பத்தேழில் ஊருக்குத் திரும்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கினதும் என் அண்ணன் மலையாண்டி என்னைப் பார்த்து இரண்டடி பின்னால் போனான். மூன்று வருஷமாகக் கடுதாசி இல்லை என்று நாற்பத்தைந்து தை அமாவாசையில் சேதுக்கரையில் வைத்து எனக்குக் காரியம் முடித்திருந்தார்கள். நாகலெட்சுமியின் தாலியை இறக்கியிருந்தார்கள். காரியம் முடிந்தவன் வாசல் வழியாக வீட்டுக்குள் வரக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். சேதுக்கரைக்குக் கூட்டிப்போய்க் கடலில் முங்கவைத்து, கொல்லைப்புறமாக உள்ளே விட்டு, மறுபடி தாலி கட்டச் சொன்னார்கள். கட்டினேன். அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

கொல்லை வழியாக நுழைந்தவன் கொல்லையிலேயே நின்றுவிட்டேன். மூன்று வருஷம் பொறுக்கமுடியாமல் என்னைச் செத்தவன் ஆக்கிவிட்டாளே என்று எனக்கு உள்ளே ஒரு கறுவல். வாய்விட்டுக் கேட்கவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. சோறு வைத்திருக்கிறது, மாடு கத்துகிறது, மழை வருகிறது, இவ்வளவுதான் எங்கள் பேச்சு. பிள்ளையும் இல்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்துகொண்டு இவ்வளவு தனியாக இருக்கமுடியும் என்று சயாம் காட்டில் இருந்தபோதுகூட எனக்குத் தெரியாது.

பழைய கதவுப் பலகை ஒன்றை இழைத்துக் கோடு கீறினேன். கறுப்புக்குப் புளியங்கொட்டை. வெள்ளைக்கு வாலிநோக்கம் கரையில் பொறுக்கிவந்த சின்னச் சிப்பி. மத்தியான வேளையில் வேம்படியில் உட்கார்ந்து வலது கையால் புளியங்கொட்டையும் இடது கையால் சிப்பியும் வைத்து எனக்கு நானே ஆடுவேன். தன்னைத்தானே ஏமாற்றுகிறவனை ஜெயிக்கமுடியாது. எந்தக் கை தோற்றாலும் எனக்குத்தான் எரிச்சல் வந்தது.

ஆள் பிடிக்கப் பார்க்காமல் இல்லை. டீக்கடை கூத்தையாவை உட்காரவைத்தேன். பலகையை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, புலி எங்கே என்று கேட்டான். எங்கள் பக்கம் பலகையில் கோடு கீறினால் அது ஆடுபுலி ஆட்டம்தான். மூன்று புலி ஒருத்தனுக்கு, பதினைந்து ஆடு இன்னொருத்தனுக்கு. புலி தாண்டி ஆட்டை வெட்டும், ஆடுகள் கூடிப் புலியை அடைக்கும். இதில் புலி கிடையாது என்றதும், புலி இல்லாமல் என்ன ஆட்டம் என்று எழுந்து போய்விட்டான். சின்னக்கருப்பன் நாலு கல் வைத்தான், ஐந்தாவதில் என் சிப்பியைத் தாண்டிக் குதித்து வெட்டிவிட்டேன் என்றான். பலகையைத் தூக்கிக் கவிழ்த்தேன். அதோடு யாரும் என் வேம்படிக்கு வருவதில்லை.

ஐம்பத்தாறில்தான் புத்தக யோசனை வந்தது. என்னால் சொல்லித்தர முடியாது, புத்தகம் சொல்லட்டும். யாருக்கு என்று நான் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஆள்தானே.

பாக்கர் பாய் பள்ளிக்கூடப் புத்தகம் விற்கிறவர், நல்ல மனுஷர், இங்கிலீஷ் தெரிந்தவர். எனக்காக மெட்ராஸ் கடை ஒன்றுக்கு எழுதிப்போட்டுப் பதில் வாங்கி வைத்திருந்தார். ஆட்டம் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மூன்று புத்தகம் உண்டு, எல்லாம் இங்கிலீஷ்தான், கப்பலில் வரவேண்டும், நாலு மாசம் ஆகும், திருப்பி எடுக்கமாட்டார்கள். முதல் புத்தகம் தடி. ஆட்டத்தின் கதை, சட்டம் எல்லாம் விலாவாரியாக இருக்கும். இரண்டாவதில் பக்கத்துக்கு ஒரு கணக்கு. பாதி ஆட்டத்தைப் படம் போட்டு அடுத்த கல் எங்கே என்று கேட்கும், ஒருத்தரே உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். மூன்றாவது சின்னது. ஒன்பது கோட்டுப் பலகையில் இரண்டு புது ஆட்கள் ஆடுவதை முதல் கல்லிலிருந்து கடைசிக் கல் வரை கல்லுக்கு ஒரு படமாகக் காட்டும்.

இரண்டாவதுக்கு எழுதிப்போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"படிக்கப்போறது யாருண்ணே?"

வீட்டில் என்றேன்.

"எழுதப் படிக்கத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"வேற பலகை ஆட்டம் எதுவும் ஆடிப் பழக்கம் உண்டா?"

அதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நிதானமான ஆளா, வெடுக்கென்று எழுந்து போகிற ஆளா என்று அடுத்ததைக் கேட்டார். அதுவும் எனக்குத் தெரியாது. புது மாப்பிள்ளையைக் கேட்டால்கூடப் பதில் சொல்லியிருப்பான். பாய் கடிதத்தை மடித்தார். ஆளைத் தெரியாமல் புஸ்தகம் சொல்லக்கூடாது, கேட்டுட்டு வாங்க, நாலு நாள் பொறுத்து எழுதிப்போடுவோம் என்றார். பஸ்ஸில் வரும்போது முழு வழியும் அவர் மேல்தான் கோபப்பட்டுக்கொண்டு வந்தேன். தப்பு அவருடையது இல்லை என்று தெரிந்துகொண்டேதான் கோபப்பட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது நாகலெட்சுமி கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் மிளகாய் வற்றலைக் காயப்போட்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். அப்படி நின்று பழக்கமில்லாததால் அவள் பயந்து எழுந்துவிட்டாள். உட்காரச் சொல்லிவிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன். புத்தகக் கடையில் கேட்டார்கள் என்று தொடங்கி, உனக்குப் படிக்கத் தெரியுமா என்றேன்.

"எழுத்துக்கூட்டிப் படிப்பேன்."

கல்யாணத்தின்போது கைநாட்டு வைத்தவள். எப்போது படித்தாய் என்றேன். மிளகாயைக் கிளறிக்கொண்டே, யாருக்கோ நடந்ததைச் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்.

"சண்டை முடிஞ்சு மலாயாவுல இருந்து கப்பல் வருது, வாரவுக பேரைப் பேப்பர்ல போடுவாகன்னு சொன்னாக. தாலி இறக்குனவ, புருசன் பேர் இருக்கான்னு அடுத்தவுகளக் கேட்டா சிரிப்பாக. வாத்தியார் வீட்டு இருளம்மாகிட்டச் சாணி தட்டிக் குடுத்து எழுத்துப் படிச்சேன். மொதல்ல உங்க பேரைத்தான் படிச்சேன். சோணைமுத்து. அந்த அஞ்சு எழுத்து எப்பிடி இருக்குமுன்னு தெரிஞ்சாப் போதும்ல. ரெண்டு வருசம் டீக்கடைப் பேப்பரை வாங்கியாந்து பாத்தேன். வரல."

சேதுக்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்தபோது அவளைப் பிடித்துத்தான் நிறுத்தியிருந்தார்களாம். அவள் கடல் பக்கம் திரும்பவே இல்லையாம். காரியம் முடிந்த பிறகும் என்னைத் தேடியிருக்கிறாள். நான் ஒன்பது வருஷமாக அவளைத் தண்டித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். என்ன மனுஷன் நான் என்று எனக்கு அழுகை வந்தது. மிளகாய் நெடி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவள் அடுத்து என்ன கேட்டார்கள் என்றாள். பலகை ஆட்டம் ஏதாவது ஆடுவாயா என்று கேட்டார்கள் என்றேன். அவள் மிளகாயை ஓரமாக ஒதுக்கினாள். கல்லின் மேல் ஆடுபுலிக் கட்டம் கீறியிருந்தது. ஒன்பது வருஷமாக அந்தக் கல்லின் பக்கத்தில்தான் குளிக்கிறேன். தெருப் பிள்ளைகள் கிறுக்கியது என்று நினைத்திருந்தேன். கோடுகள் விரல் பட்டு வழவழவென்று தேய்ந்திருந்தன.

யாரோடு ஆடுவாய் என்று கேட்டேன்.

"யாரு வாரா? ரெண்டு பக்கமும் நானேதான்."

எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை. வாசல் பக்கம் வேம்படியில் நான், கொல்லைப் பக்கம் கல்லடியில் இவள். நடுவில் ஒரு வீடு.

மூன்று புத்தகத்தைப் பற்றியும் அவளுக்குச் சொன்னேன். ஒருத்தரே உட்கார்ந்து போட்டுப் பார்க்கிற புத்தகத்தைத்தான் வரவழைக்கச் சொல்ல இருந்தேன் என்பதையும் மறைக்கவில்லை. அவள் யோசிக்கவே இல்லை.

"தனியா ஆடுறதுக்குப் புஸ்தகம் எதுக்கு? அது நம்ம ரெண்டு பேருக்கும் பாடந்தானே. ரெண்டு பேர் ஆடுறதப் படம் போட்டது இருக்குன்னீகளே, அதை வாங்கியாங்க."

அது வர நாலு மாசம் ஆகும் என்றேன். ஆகட்டும் என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை. நான் வேம்படிக்குப் போய்ப் பலகையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் புகுந்து கொல்லைக்கு வந்தேன். புளியங்கொட்டைச் சட்டியை அவள் பக்கம் தள்ளினேன். பலகையைப் பார்த்துவிட்டு அவளும் அதையே கேட்டாள், புலி எங்கே என்று.

"புலி கிடையாது. ரெண்டு பக்கமும் ஆடுதான்."

"அப்ப யாரை அடைக்கிறது?"

"யாரையும் இல்ல. வெறும் எடத்த வளச்சுக் காபந்து பண்ணணும். கடைசியில அதத்தான் எண்ணுவாக."

ஒரு புளியங்கொட்டையை எடுத்து விரலுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வெத்து எடத்த வளச்சு வச்சுக் காபந்து பண்றதா? பத்து வருசம் அதத்தான் பண்ணேன். யாரு எண்ணுனா?"

அவள் பலகையின் மூலைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, கோடும் கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில், புளியங்கொட்டையை வைத்தாள். நல்ல இடம்தான். நான் உறுமவில்லை. ஒரு சிப்பியை எடுத்து, எதிர் மூலையில் வைத்தேன்.