முந்நூற்றுப் பதினெட்டாம் நம்பர் ஆந்தை

...அந்த அறிவிப்பைப் பார்த்திருப்பானா, மாட்டானா, காலையில் டீ குடிக்கும்போது போன் அவன் சட்டைப் பையில்தான் கிடந்தது, எடுக்கவே இல்லை, ஏன் எடுக்கவில்லை... ஒன்பதாம் மாடிக்கு வெளியே பலகையில் தொங்கியபடி கண்ணாடிக்குச் சோப்புத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவனுக்குக் கை மட்டும்தான் வேலையில் இருந்தது, புத்தி மொட்டைமாடியில் நின்றது, அங்கேதான் மச்சினன் இரும்பு வளையத்தில் கயிற்றைச் சுற்றிப் பிடித்திருக்கிறான், மனைவியின் தம்பி, இந்த உடம்பு மொத்தமும் இப்போது அவன் கைப்பிடியில். ஒரு தடவை சுண்டினால் இறக்கு, இரண்டு தடவை நிறுத்து, மூன்று தடவை ஏற்று, பதினோரு வருஷமாக இந்த மூன்றுதான் பாஷை, இதில் எதைச் சுண்டி உன் முட்டிக் காசு போச்சுடா என்று சொல்வது?

சில மாசம் முன்னால் ஒரு சாப்பாட்டு நேரத்தில் போனைக் காட்டி ஆசையைக் கிளப்பியதே இவன்தான். கம்ப்யூட்டரில் வரைந்த ஆந்தை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், மொத்தம் ஐந்நூறுதான், இனி வரையவே மாட்டார்கள், ஆறு மாசத்தில் நாலு மடங்கு. “படம்தானே மாமா, நானே போட்டோ புடிச்சு வச்சுக்குவேனே?” என்று அவன் சிரித்தான். “போட்டோ புடிச்சா உனக்குச் சொந்தமாயிடுமாடா? இது வீட்டுப் பத்திரம் மாதிரி மாப்ள.” பத்திரமாம், வாடகை வீட்டிலேயே பிறந்து வாடகை வீட்டிலேயே கிடக்கிறவன் வாயில் பத்திரம்... இவன் ஒன்று வாங்கினான், தன் முட்டி ஆபரேஷனுக்கு வைத்திருந்ததை எடுத்து இன்னொன்றில் போட்டான் அவன். “ஆந்தைக்கு முட்டி நோகாது மாமா, குடுத்து வச்சது” என்று கிண்டல் வேறு.

இன்று காலை பஸ்ஸில் வரும்போது ஆந்தை வரைந்தவர்களின் அறிவிப்பு போனில் வந்தது. கலை எல்லோரிடமும் போய்ச் சேர வேண்டுமாம், இன்னும் ஒரு லட்சம் ஆந்தைகளாம், ஒன்று ஒரு சிகரெட் விலைக்கு, முதலில் வாங்கியவர்களுக்கு நன்றி தெரிவித்து அவர்கள் ஆந்தைக்கு மட்டும் ஒரு தொப்பி இலவசமாம். வாங்கியவர்கள் அறிவிப்புக்குக் கீழே எழுதிக் குமுறிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தன் வெறும் கெட்ட வார்த்தையாகவே நாற்பது வரி எழுதியிருந்தான், இவன் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான். இன்று கயிறு பிடிக்க வேண்டியது இவன். பிடிக்கிறவன் தொங்கப் போகிறவனின் முகத்தைப் பார்த்து “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும், சொன்னால்தான் மற்றவன் சுவரைத் தாண்டுவான், அந்த ஒரு வார்த்தையை இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? “நான் இறங்குறேன்டா, முட்டிக்கு ஓய்வு குடு” என்று பலகையில் ஏறிவிட்டான். ஏறிய பிறகுதான் உறைத்தது, யாருக்குப் பயந்தானோ அவன் கையிலேயே உயிரைக் கொண்டுபோய்...

ஒரு தடவை சுண்டினான். கயிறு இறங்கியது, நிதானமாக, என்றும் போல. என்றும் போலத்தானா? அவன் இன்று “இருக்கேன்” என்றபோது முகத்தைப் பார்க்கவில்லையே, முடிச்சைப் பார்த்துத்தானே சொன்னான்... அப்படியென்றால் தெரிந்துவிட்டது, காலையிலேயே தெரிந்துவிட்டது. எட்டாம் மாடிக் கண்ணாடிக்குள் ஒரு பெண் இவன் பக்கம் திரும்பாமல் டைப் அடித்துக்கொண்டிருந்தாள், கீழே வேன்கள் தீப்பெட்டி அளவில் நின்றன, கால் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன. இல்லை, இரு, இன்றைக்கு மட்டுமா? பத்து நாளாகவே அவன் கயிறு பிடிக்க வரவில்லையே, முட்டி வீங்கிக்கிடக்கும்போதே “நானே தொங்குறேன் மாமா” என்று முந்திக்கொண்டு பலகையில் ஏறினானே, அவனுக்கும் “இருக்கேன்” சொல்ல அப்படி என்ன பயம்? பத்து நாளுக்கு முன்னால் என்ன நடந்தது... “ரெண்டாவதா ஒண்ணு வாங்கிட்டேன் மாப்ள, முந்நூத்திப் பதினெட்டு, எவனோ அவசரத்துக்கு வித்துட்டான் முட்டாப்பய” என்று இவன் பீற்றிக்கொண்டான், எதற்கும் கிண்டலடிக்கிறவன் அன்று சிரிக்கவே இல்லை, டீயைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

இரண்டு தடவை சுண்டினான், பலகை நின்றது. விற்றவன் பெயர் போனில் வரவில்லை, வெறும் எழுத்தும் எண்ணும்தான். மச்சினனுடைய ஆந்தைக்கு என்ன நம்பர்? ஒரு நாளும் கேட்டதில்லை. மூன்று தடவை சுண்டினால் மேலே ஏற்றிவிடுவான், முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம்... கை கயிற்றின் மேலேயே இருந்தது, சுண்டவில்லை, மேலேயிருந்தும் ஒரு அசைவு இல்லை.