பின்சக்கரத்து எலுமிச்சை

வனஜா 'பி'யில்தான் போட்டிருந்தாள்.

இதைக் கணவனிடம் சொன்னாள். குடியிருப்புச் செயலாளரிடம் சொன்னாள். சர்வீஸ் சென்டரில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய இளைஞனிடம் சொன்னாள். மருத்துவமனைக் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்த ஏகாம்பரத்திடமும் சொன்னாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். யாரும் நம்பவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஆடி மாதத்தில் மழை விட்ட ஒரு சாயங்காலம் வனஜா வேலை முடிந்து காரில் வந்தாள். கள்ளிக்குப்பத்தில் அவர்கள் குடியிருக்கும் அடுக்ககம் தெருவைவிட மிக உயரத்தில் நிற்கும். வெள்ளத்துக்குப் பயந்து, கட்டியவர் அப்படித் தூக்கிவிட்டார். தெருவிலிருந்து கேட்டுக்கு ஏற ஒரு சரிவு. அதன் உச்சியில் காரை நிறுத்தினாள். கியர் லீவரை 'பி'க்குத் தள்ளினாள். என்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறக்க இறங்கினாள்.

ஆட்டோமேட்டிக் கார் அது. கைமாறி வந்த பழைய வண்டி. 'பி' என்றால் பார்க்கிங். லீவரை அங்கே தள்ளினால் கியர்பாக்ஸுக்குள் ஒரு கொக்கி விழுந்து சக்கரத்தைப் பூட்டிவிடும்.

ஹேண்ட்பிரேக்கை அவள் இழுக்கவில்லை. நனைந்த வண்டிக்கு ஹேண்ட்பிரேக் போட்டால் உள்ளே ஒட்டிக்கொள்ளும் என்பது அவள் கணவன் திருமுருகனின் சட்டம். அந்த அடுக்ககத்தில் மழைநாளிலோ, வண்டி கழுவிய நாளிலோ யாருமே போடுவதில்லை.

கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தபோது முதுகுக்குப் பின்னால் ஏதோ நகர்ந்தது. திரும்புவதற்குள் கார் பாதிச் சரிவு இறங்கியிருந்தது. கீழே தெருவோரம், புங்கமரத்தடியில், ஏகாம்பரத்தின் இஸ்திரி வண்டி. காருக்கும் அதற்கும் நடுவில் ஏகாம்பரத்தின் கால்.

"'என்'ல, நியூட்ரல்ல விட்டுட்டு எறங்கியிருப்பே" என்றான் திருமுருகன்.

"இல்லீங்க. பி."

"பியில போட்டா வண்டி எப்படி நகரும்?"

"பியில இல்லன்னா சாவி எப்படி வெளிய வந்துச்சு?"

"பழைய வண்டி. எதுல இருந்தாலும் வரும்." அவன் ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். "நான் அங்க என்ன பீடியா சுத்துறேன்? காலையில போனா சாயங்காலம் வரைக்கும் கியர்பாக்ஸ்தான். என்கிட்டயே சொல்றியே."

சர்வீஸ் சென்டர் இளைஞன் இன்னும் மரியாதையாகச் சொன்னான். "கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்தாச்சு மேடம். ஒரு ஃபால்ட்டும் காட்டல."

"சரிவுல நிறுத்திப் பாத்தீங்களா?"

"இங்க ஏது மேடம் சரிவு?" அவன் தன் வழவழப்பான தரையைக் காட்டினான். பிறகு திருமுருகன் பக்கம் திரும்பினான். "லேடீஸ் சில சமயம் டென்ஷன்ல மாத்திப் போட்டுடுவாங்க சார்."

திருமுருகன் சிரித்தான். வீட்டுக்கு வந்ததும் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கோபப்படவில்லை. "கொஞ்ச நாள் போகட்டும்" என்றான்.

வனஜாவுக்கு வேலை திருமழிசை தொழிற்பேட்டையில், பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில். இப்போது பஸ். பூந்தமல்லியில் இறங்கி, நெடுஞ்சாலைப் பஸ்ஸுக்கு நின்று, தொங்கிக்கொண்டு போனாள். அதை அவள் பொருட்படுத்தவில்லை. தினமும் காலையில் மகள் வர்ஷாவை அதே காரில் ஏற்றிக்கொண்டு திருமுருகன் அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் போனான். கல்லூரிக்குப் போகிறவள். ஸ்டேஷன் வாசலில் காருக்கு முன்னும் பின்னும் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். அந்தக் கார் இன்னொரு முறை நகரும். யார் மேல் ஏறும் என்பதுதான் தெரியாது.

அவளுக்கு ஒரு சத்தம் தெரியும். முன்பெல்லாம் லீவரை 'பி'க்குத் தள்ளினால் காலுக்கடியில் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பூட்டு விழுவதுபோல. திருமுருகன் சில காலைகளில் அவளைப் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிடுவான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவள் காது கொடுத்தாள். சில நாள் 'டக்' வந்தது. சில நாள் வரவில்லை.

"கேட்டுச்சா?"

"என்ன?"

"கேக்கல. அதான்."

"வனஜா, டாக்டர்கிட்ட காது காட்டு. வேற ஒண்ணும் இல்ல."

ஹேண்ட்பிரேக்கையாவது போடுங்கள் என்று கெஞ்சினாள். வர்ஷா கூடவே இருந்தால் போடுவான். தனியாக இருந்தால் மறந்துவிடுவான்.

ஆயுத பூஜை வந்தது. அடுக்ககத்தில் எல்லா வண்டிகளையும் சரிவில் நிறுத்திக் கழுவுவது வழக்கம். தண்ணீர் தானாக வடிந்துவிடும். கழுவி முடித்து அங்கேயே சந்தனம், குங்குமம், மாலை. சாவிகள் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் ஒரே தட்டில். கற்பூரம் காட்டியபின் அவரவர் சாவியை எடுத்து, முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கேட்டுக்குள் ஏற்றுவார்கள்.

வனஜா கடைக்குப் போய் எலுமிச்சை வாங்கி வந்தாள். பிறகு மோட்டார் ரூமுக்குப் பின்னால் கிடந்த இரண்டு சிமெண்ட் ஹாலோ பிளாக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

திருமுருகன் காரைக் கழுவி, நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தான்.

"காரை நீங்களே நிறுத்துங்க" என்றாள். "உங்க கையால பியில போடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

"நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிச்சிட்டியா?"

"நகரலன்னா நான் இனிமே அதைப் பத்திப் பேச மாட்டேன்."

"நகர்ந்தா?"

"சாவியை என்கிட்ட குடுத்துடுங்க."

அவனுக்கு அது வசதியான ஒப்பந்தமாகத் தெரிந்தது. ஏறி உட்கார்ந்தான். காரின் மூக்கு மேலே, முதுகு தெருவைப் பார்த்து; பின்னால் வேறு வண்டி இல்லை. லீவரைத் தள்ளிவிட்டு இரண்டு கைகளையும் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினான். இறங்கிச் சாவியைத் தட்டில் போட்டான். வண்டி கழுவிய நாள் என்பதால் யாருமே ஹேண்ட்பிரேக் போடவில்லை. சரிவில் நின்ற ஒரு காருக்கும் போட்டிருக்கவில்லை.

வனஜா 'டக்'குக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

குனிந்து பின்சக்கரங்களுக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி, ஹாலோ பிளாக்குகளை வைத்தாள். பிளாக்குக்கும் டயருக்கும் நடுவில், டயரை ஒட்டினாற்போல், சக்கரத்துக்கொரு எலுமிச்சை.

செயலாளர் பக்தவத்சலம் கற்பூரத் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, பழத்தை முன்னாடி வைக்கணும். பின்னாடி வச்சிருக்கே?"

"இந்த வண்டிக்குப் பின்னாடிதான் சார்."

"சாமிக்கே திசை மாத்திட்டாங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் தெருவுக்கு இறங்கினாள். புங்கமரத்தடியில் ஏகாம்பரத்தின் மனைவி கமலம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். புருஷனுக்குக் கால் உடைந்ததிலிருந்து பெட்டி அவள் கையில். ஏகாம்பரம் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி, துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, பூஜை முடியற வரைக்கும் வண்டியக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்குங்க."

கமலம் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இன்னாம்மா, மிச்சம் கீற காலையும் ஒடைக்கப் போறியா?"

"அதுக்குத்தான் தள்ளச் சொல்றேன்."

"கேட்டியாய்யா? சொல்லிட்டு இடிக்கப் போறாங்களாம்."

"தள்ளு கமலம்" என்றான் ஏகாம்பரம். "போன தபா சொல்லாம வந்துச்சு. இந்த தபா சொல்லிகினு வருது. மரியாத தெரிஞ்ச வண்டி."

வனஜாவும் கமலமும் சேர்ந்து வண்டியைத் தள்ளினார்கள். ஏகாம்பரம் கட்டையை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே நொண்டினான்.

மணி அடித்தது. கற்பூரம் காட்டினார்கள். பக்தவத்சலம் பூசணிக்காயைச் சுற்றித் தெருவில் போட்டு உடைத்தார். கார் அசையவில்லை. மற்றவர்கள் சாவியை எடுத்து ஏறினார்கள். ஒவ்வொரு காரும் எலுமிச்சையை நசுக்கி ஓரடி முன்னால் ஏறி, கேட்டுக்குள் போக முறை வரும்வரை நின்றது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். வர்ஷா எல்லாவற்றையும் செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தாள். சுண்டல் வந்தது. வனஜாவின் எலுமிச்சைகள் முழுசாக, மஞ்சளாக, அப்படியே இருந்தன.

அவள் கண்ணை எடுக்கவில்லை. இன்று பார்த்து அந்தக் கொக்கி சரியாக விழுந்திருக்குமோ? சில நாள் விழும். விழுந்திருந்தால் இனி அவள் வாயைத் திறக்க முடியாது. திறக்க மாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள். நாளைக் காலை வர்ஷா அந்தக் காரில் ஏறுவாள்.

திருமுருகன் வாயில் சுண்டலோடு வந்தான். காருக்கு முன்னால் நின்றான்.

"பாத்தியா? மலை மாதிரி நிக்குது" என்று பானெட்டில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினான்.

'டக்.'

பூட்டு விழும் சத்தமில்லை. பூட்டு விடும் சத்தம்.

கார் பின்னால் நகர்ந்தது. உள்ளே யாரும் இல்லை. சாவி தட்டில், குங்குமத்துக்கு நடுவில். பின்சக்கரங்கள் எலுமிச்சையின் மேல் ஏறின. இரண்டு பழமும் ஒன்றாக வெடித்துச் சாறு தரையில் தெறித்தது. டயர்கள் ஹாலோ பிளாக்கில் மோதின. கார் ஒருமுறை குலுங்கி நின்றது. பானெட்டில் கிடந்த மாலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

தெருவில், இஸ்திரி வண்டி வழக்கமாக நிற்கும் இடம் காலியாக இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

திருமுருகனின் கை இன்னும் பானெட் இருந்த உயரத்தில் காற்றில் நின்றது. பிறகு ஓடிப்போய்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான். வாயிலிருந்ததை விழுங்கினான்.

"பியிலதான் இருக்கு" என்றான்.

"சத்தமா சொல்லுங்க."

"பியிலதான் இருக்கு!"

அப்போது பக்கத்துக் காரிலிருந்து 'கிர்ர்' என்று ஒரு சத்தம். ஹேண்ட்பிரேக். அடுத்த காரில் 'கிர்ர்'. அதற்கடுத்த காரில். சரிவு முழுக்க, மேலிருந்து கீழே, ஒவ்வொருவராக இழுத்தார்கள். தன் ஸ்கூட்டருக்கு இழுக்க ஒன்றும் இல்லாததால் பக்தவத்சலம் அதைக் கையால் பிடித்துக்கொண்டார். அன்றைக்குத் தட்டிய கைதட்டல்களில் எதுவும் வனஜாவுக்கு அந்தச் சத்தத்துக்கு ஈடாகத் தோன்றவில்லை.

கமலம் மேலே ஏறி வந்தாள். நசுங்கிய பழத்தைப் பார்த்தாள். வனஜாவைப் பார்த்தாள். முந்தானையால் வனஜாவின் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில கண்டபடி பேசிட்டேன். மனசுல வெச்சிக்காத."

"விடுங்க அக்கா."

"அது இன்னா வண்டி, பியின்னு போர்டு வெச்சிகினு ஓடுது. ஊட்டுக்காரன் மாதிரியே கீது. வேலைக்குப் போறேன்னுட்டு எங்கயோ போவுது."

கீழேயிருந்து ஏகாம்பரம் கத்தினான். "அடியே, நா இங்கதான் கீறேன்!"

வனஜாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆடியிலிருந்து வராத சிரிப்பு. அடக்க முடியாமல் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

திருமுருகன் தட்டிலிருந்து சாவியை எடுத்தான். துடைக்கவில்லை. குங்குமத்தோடு அவள் கையில் வைத்தான். "நான் டாக்டர்கிட்ட காதைக் காட்டிட்டு வரேன்" என்றான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

காரை ஓட்டிப் போக அவள் விடவில்லை. விடுமுறை முடிந்ததும் காரை இழுத்துப்போகும் டோயிங் வண்டியை வரவழைத்து, அதன் முன்னிருக்கையில் தானே ஏறிப் போனாள். வர்ஷா செல்போனில் எடுத்த வீடியோவை அடையாள அட்டை இளைஞனிடம் காட்டினாள். அவன் ஒருமுறை பார்த்தான். மறுபடி பார்த்தான். மேனேஜரைக் கூப்பிட்டான்.

இந்தமுறை கம்ப்யூட்டரில் மாட்டவில்லை. காரை மேலே தூக்கினார்கள். லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளின் முனையில், விரல்நுனி அளவு ஒரு பிளாஸ்டிக் வளையம், புஷ் என்பார்கள். பொடிந்துபோயிருந்தது. லீவர் முழுசாக 'பி'க்குப் போகும். கேபிள் பாதிதான் போகும். கொக்கி நுனியில் தொற்றிக்கொண்டு நிற்கும். ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிடும்.

"இதைக் கம்ப்யூட்டர் காட்டாது மேடம்" என்றார் மேனேஜர்.

"எலுமிச்சம்பழம் காட்டுச்சு" என்றாள் வனஜா. "இதே மாடல் இங்க எத்தனை வருது?"

"நிறைய."

"எல்லாத்துலயும் பாருங்க. நான் மறுபடி வந்து கேப்பேன்."

அவள் கேட்டாள். அந்த இளைஞனே போன் எடுத்து, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றான். இன்னொரு காரில் பாதி பொடிந்த புஷ் ஒன்று கிடைத்ததாம். அதை ஓட்டுகிறவர் பள்ளிக்கூடத்து வாசலில்தான் தினமும் நிறுத்துவாராம். இந்தமுறை அவன் லேடீஸ் என்று எதுவும் சொல்லவில்லை.

தீபாவளி நெருங்கும்போது ஏகாம்பரத்துக்குக் கட்டுப் பிரித்தார்கள். வனஜாதான் காரில் அழைத்துப் போனாள். அவளே அழைத்து வந்தாள். புங்கமரத்தடியில் நிறுத்தப் போனாள்.

"இங்க வாணாம். மேல வரைக்கும் போம்மா."

"எதுக்கு?"

"அந்த மோட்டுல குந்திப் பாக்கணும்."

சரிவில் ஏற்றினாள். கேட் மூடியிருந்தது. உச்சியில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். லீவரைத் தள்ளினாள். காலுக்கடியில் 'டக்'. என்ஜினை அணைத்தாள்.

"எறங்குங்க அண்ணே. கேட்டைத் திறக்கணும்."

ஏகாம்பரம் இறங்கவில்லை. வெளுத்துப்போன காலை முன்னால் நீட்டிச் சாய்ந்துகொண்டான். கீழே கமலம் பெட்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இஸ்திரி வண்டி பழைய இடத்திலேயே, சரிவுக்கு நேர் கீழே நின்றது.

"நீ போய்த் தொற" என்றான். "நா உள்ளயே கீறேன்."

வனஜா இறங்கிக் கேட்டுக்கு நடந்தாள். தாழ்ப்பாளைத் தூக்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.