ஒரு கோட்டும் மூன்று ஷிஃப்டும்

பதினான்கு வருடமாக என் சட்டையில் பட்டன் வெளியே தெரிந்ததில்லை. பாக்கெட்டும் கிடையாது. ஒரகடத்தில் கார்களுக்கு பம்பர் செய்து பெயிண்ட் அடிக்கும் கம்பெனி எங்களுடையது. பட்டன் உரசினால் பம்பரில் கீறல் விழும். பாக்கெட் இருந்தால் அதில் எதையாவது வைப்போம். குனிந்தால் அது பம்பர்மேல் விழும். ஆகவே பட்டன்களைத் துணிப்பட்டியால் மூடி, பாக்கெட்டை ஒழித்து, சாம்பல் நிறத்தில் ஒரு யூனிஃபார்ம். கடல் தாண்டி வந்த டைரக்டருக்கும் அதேதான், கேன்டீனில் தட்டு கழுவுகிறவருக்கும் அதேதான். இந்தச் சமத்துவம் மாதத்தில் இருபத்தொன்பது நாள் மிக நன்றாக இருக்கும். முப்பதாம் நாள் சம்பளம் போடுவார்கள்.

காய்ந்து வரும் பம்பரை விளக்கடியில் சாய்த்துப் பார்த்து, தூசி, குமிழ், பெயிண்ட் வழிந்த இடம் என்று குறை கண்டுபிடிப்பது என் வேலை. பெயர் தாண்டவராயன். குறை சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆம்பளை என்று என் மனைவி எழிலரசி என்னை அறிமுகப்படுத்துவாள்.

அவள் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். இரண்டு கம்பெனியும் கலந்து பேசிக்கொண்டதுபோல, எனக்குக் காலை ஏ ஷிஃப்ட் வந்தால் அவளுக்கு மதியம் தொடங்கும் பி வரும். எனக்கு பி வந்தால் அவளுக்கு ராத்திரி சி. வாலாஜாபாத்தில் ஒரே வீட்டில்தான் குடியிருக்கிறோம், ஆனால் பெரும்பாலும் கடிதப் போக்குவரத்துதான். ஃப்ரிட்ஜ் கதவில் சீட்டு இருக்கும். ‘ரசம் இருக்குது. மோட்டார் போடு. கொடியில துணி.’ மூன்றாவது சீட்டுக்குப் பிறகு நானும் கீழே ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட ஆரம்பித்தேன். குழந்தை இன்னும் ஏன் இல்லை என்று கேட்கும் உறவினர்களுக்கு எங்கள் ஷிஃப்ட் சார்ட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை இருந்தது. எழிலரசி தடுத்துவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் அசிஸ்டன்ட் மேனேஜர் பதவி ஒன்று காலியானது. அதில் எனக்குப் பிடித்தது பதவி அல்ல. அது ஜெனரல் ஷிஃப்ட். காலை எட்டரைக்குப் போய் மாலை ஐந்தரைக்கு வெளியே வந்துவிடலாம். மனிதர்கள் சாப்பிடும் நேரத்தில் வீட்டில் இருக்கலாம். விண்ணப்பித்தேன். எச்.ஆரில் இருக்கும் ஐஸ்வர்யாவிடமிருந்து மெயில் வந்தது: வியாழக்கிழமை பத்து மணிக்கு இன்டர்வியூ. கடைசி வரியில், உடை, ‘பிசினஸ் ஃபார்மல்ஸ்’.

கேன்டீனில் அந்த இரண்டு வார்த்தைக்கு அரை மணி நேரம் உரை எழுதினார்கள். பேன்ட், சட்டையை இன் பண்ணினால் போதும் என்றது ஒரு கட்சி. அது வெறும் ஃபார்மல்ஸ், பிசினஸ் என்று முன்னால் வந்துவிட்டால் கோட்டு கட்டாயம் என்றது இன்னொரு கட்சி. நான் செல்போனில் தேடிப் பார்த்தேன். வந்த படங்களில் எல்லோரும் கோட்டு போட்டுக்கொண்டு கையைக் கட்டிச் சிரித்தார்கள். எனக்கு முப்பத்தொன்பது வயது. அதுவரை கோட்டு என்பது அடுத்தவர் கல்யாண ரிசப்ஷனில், மேடைக்குக் கீழே வரிசையில் நின்று நான் பார்க்கும் பொருள்.

என் ரிசப்ஷனிலும் நியாயமாக நான் போட்டிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ரிசப்ஷன் கோட்டு பெண் வீட்டார் எடுத்துத் தருவது வழக்கம். நான் சுயமரியாதைக்காரன் மாதிரி வேண்டாம் என்றுவிட்டேன். உண்மையில் அது மே மாதம். மண்டபத்தில் ஏசி இல்லை. சுயமரியாதையில் பாதி வெயிலுக்குப் பயந்து வருவதுதான்.

“எங்கப்பா அப்பவே எடுத்துத் தரேன்னாரு. பெரிய இவராட்டம் வேணான்ன” என்றாள் எழிலரசி. “இப்ப கம்பெனிக்காரன் கேட்டா மட்டும் போடுவ. வா, நானும் வரேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சி ஷிஃப்ட் முடித்து வந்திருந்தாள். தூங்கு என்றேன். என்னைத் தனியாகக் கடைக்கு அனுப்பினால் கடையில் உள்ள அத்தனையையும் ரிஜெக்ட் செய்துவிட்டு வெறுங்கையோடு வருவேன் என்றாள். அதற்கு முன்னுதாரணம் உண்டு. மிக்சி வாங்கப் போன கதையை இங்கே சொல்லவில்லை.

வாலாஜாபாத் கடைத்தெருவில் மாப்பிள்ளை உடைக்கென்றே ஒரு கடை இருந்தது. விற்பனையாளர் இசக்கிதுரை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பின்னால் வந்துகொண்டிருப்பதாக நினைத்திருக்கிறார். போட்டுக்கொள்ளப் போவது நான்தான் என்று சொன்னதும் என் நரையைப் பார்த்தார், எழிலரசியைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

“ரெண்டாங் கல்யாணமா அண்ணாச்சி?”

“மொதக் கல்யாணமே இன்னும் ஆரம்பிக்கலண்ணா” என்றாள் எழிலரசி.

இன்டர்வியூவுக்கு என்று விளக்கியதும் அவருக்குச் சற்று ஏமாற்றம். இருந்தாலும் மயில் கழுத்து நிறத்தில் ஒன்று, மெரூனில் ஒன்று, தோளில் பூ வேலை செய்தது ஒன்று என்று எடுத்துப் போட்டார். அதைப் போட்டுக்கொண்டு போனால் டைரக்டர் எனக்கு மாலைதான் போடுவார், பதவி கொடுக்க மாட்டார். மூலையில் கருநீலத்தில் சாதுவாக ஒன்று தொங்கியது. அதைக் கேட்டேன்.

பிறகு என் கை தானாக வேலையைத் தொடங்கியது. கோட்டை டியூப்லைட்டுக்கு அடியில் கொண்டுபோய் சாய்த்துப் பார்த்தேன். விரல் நுனியால் தையலைத் தடவினேன். பின்பக்கம் கீழே, துணி இரண்டாகப் பிரியும் இடத்தில், பெருக்கல் குறி மாதிரி வெள்ளை நூலில் ஒரு தையல். பாக்கெட் இரண்டுக்கும் மூடி இருந்தது. மூடிக்குக் கீழே வாய் இல்லை, தைத்திருந்தது. மூன்று குறை என்றேன். எங்கள் லைனாக இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாக வைத்திருப்பேன்.

இசக்கிதுரை கலங்கவில்லை. “அது கம்பெனியிலேயே அப்படித்தான் வரும் அண்ணாச்சி. அந்தப் பெருக்கல் குறிதான் ஒரிஜினலுக்கு அடையாளம். மாப்ள மேடையில நிக்காரு, போட்டோ முன்னாலதான எடுக்காவ. இத்தன வருசத்துல ஒருத்தர் கேட்டதில்ல பாத்துக்கிடுங்க.”

பாக்கெட்டுக்கு எழிலரசி தீர்ப்பு சொன்னாள். “உன் யூனிஃபார்ம்ல மட்டும் பாக்கெட் கீதா? பெரிய ஆபீசரை எவன் நம்புறான், அதான் தச்சு வெச்சிருக்கான்.”

அது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. பாக்கெட் இல்லாமல் பதினான்கு வருடம் வாழ்ந்தவனுக்கு, பாக்கெட் இருப்பது போன்ற தோற்றமே பெரிய முன்னேற்றம்.

போட்டுப் பார்க்க உள்ளே போனேன். பேன்ட் சரியாக இருந்தது. கோட்டு தோளில் உட்கார்ந்தது. கண்ணாடியில், லோன் கொடுக்க மறுக்கப்போகிற ஒருவர் நின்றுகொண்டிருந்தார். இதை எழிலரசியிடம் காட்டிச் சிரிக்கலாம் என்று திரையை விலக்கினேன்.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியில் கட்டிப்பிடித்தபடி, தலை சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து. கம்பெனி பஸ்ஸில் தூங்கும் தூக்கம் அது. ஸ்டாப் வந்தால் சொல்லாமலே விழிக்கும் தூக்கம். மூன்று வருடத்தில் அவள் தூங்கி நான் பார்த்ததெல்லாம், நான் கிளம்பும் அவசரத்தில் இருட்டறையில் லுங்கி தேடியபோதுதான். வெளிச்சத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. பம்பரில் கடுகளவு தூசியைக் கண்டுபிடிக்கிறவன் நான்.

இசக்கிதுரை போய், மேஜை விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். நைட் ஷிஃப்டா என்று சைகையில் கேட்டார். தலையாட்டினேன். தன் தங்கையும் அந்தப் பக்கம்தான் ஒரு கம்பெனியில் நிற்கிறாள் என்று மெல்லச் சொன்னார். நாங்கள் இருவரும் ஒரு இருபது நிமிடம் அங்கே ஒன்றுமே விற்காமல், ஒன்றுமே வாங்காமல் நின்றோம். ஒருவன் கோட்டோடு.

அவள் விழித்ததும் நான் பேரம் பேசவில்லை. குறையும் சொல்லவில்லை. பில் போடுங்கள் என்றேன். எழிலரசி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வியாழக்கிழமை வந்தது. அவளுக்கு அந்த வாரம் பி ஷிஃப்ட் என்பதால் காலையில் வீட்டில் இருந்தாள். எலாஸ்டிக் டையை மாட்டிவிட்டாள். வல்லக்கோட்டை முருகன் கோயில் விபூதிப் பொட்டலத்தைக் கோட்டு பாக்கெட்டில் வைக்கப் போய், அது தைத்திருப்பது நினைவு வந்து, சட்டைப் பையில் வைத்தாள். வேலை கிடைத்தால் அவள் சி ஷிஃப்ட் வாரத்தில் பஸ் ஏறும் முன் ஏழரைக்கு ஒன்றாகச் சாப்பிடலாம், ஏ ஷிஃப்ட் வாரத்திலும் சாப்பிடலாம், பி ஷிஃப்ட் வாரத்தில் மட்டும் முடியாது என்று விரல்விட்டு எண்ணினாள்.

“மூணு வாரத்துக்கு ரெண்டு வாரம் மாமா. போதும்.”

ஸ்டாப்பில் நின்று கை காட்டினேன். பதினான்கு வருடமாக என்னை ஏற்றிய கம்பெனி பஸ், யாரோ வக்கீல் என்று நினைத்து நிற்காமல் போய்விட்டது. ஷேர் ஆட்டோவில் மீன் கூடைக்குப் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்து ஒரகடம் போய்ச் சேர்ந்தேன்.

கேட்டில் செக்யூரிட்டி இராமச்சந்திரன் எனக்கு சல்யூட் அடித்தார். முகத்தைப் பார்த்ததும் அடித்த சல்யூட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். உள்ளே விடுவார் என்று நடந்தேன். வழிக்குக் குறுக்கே கயிற்றை இழுத்துவிட்டார். யூனிஃபார்ம் இல்லாதவர் யாராக இருந்தாலும் விசிட்டர் என்பது ரூல். ரிஜிஸ்டரை நீட்டினார். எந்தக் கம்பெனி என்ற கட்டத்தில் இந்தக் கம்பெனி என்று எழுதினேன்.

விசிட்டருக்கு முதலில் பாதுகாப்புப் படம் போட்டுக் காட்ட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அதில் செல்போனைப் பார்த்துக்கொண்டே நடந்து டிராலியில் முட்டிக்கொள்ளும் பொறுப்பற்ற தொழிலாளியாக நடித்திருப்பது நான். ஆறு வருடத்துக்கு முன் எடுத்தது. ‘இவரைப் போல் இருக்காதீர்கள்’ என்று ஒரு பெண் குரல் சொன்னது. இன்டர்வியூவுக்குப் போகும் முன் கேட்க வேண்டிய வாசகம்தான்.

அடுத்து, இன்டர்வியூ அறைக்கு லைன் வழியாகத்தான் போக வேண்டும். லைனுக்குள் விசிட்டரின் பட்டன் வெளியே தெரியக் கூடாது. இராமச்சந்திரன் நீல மாஸ்கிங் டேப்பை எடுத்துக் கோட்டு பட்டன் இரண்டையும், கைப்பட்டன் எட்டையும், பெல்ட் பக்கிளையும் ஒட்டி மூடினார்.

“தப்பா எடுத்துக்காத தாண்டவா. நாளைக்கு நீயே என்னைக் கேப்ப, பம்பர்ல கீறல் எப்டி வந்துச்சுன்னு.”

கேட்டிருப்பேன். அதுதான் வருத்தம்.

அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்: டைரக்டர், பிளான்ட் மேனேஜர், ஐஸ்வர்யா. மூன்று பேரும் சாம்பல் யூனிஃபார்ம். எனக்கு முன்னால் இன்டர்வியூ முடித்து வெளியே வந்தவனும் சாம்பல் யூனிஃபார்ம். ஊரிலேயே கோட்டு போட்ட ஒரே மனிதன், பார்சல் மாதிரி டேப் ஒட்டிக்கொண்டு, உட்காரலாமா என்று கேட்டேன்.

டைரக்டர் என் டேப்பையே பார்த்தார். ஐஸ்வர்யா மூலமாகக் காரணம் கேட்டார். பம்பரில் கீறல் விழும் சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். வேலை சம்பந்தமான கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். அதில் எனக்குப் பயமில்லை, பம்பர் என் எதிரி, அதன் பலவீனங்கள் எனக்குத் தெரியும். கடைசியில் இந்தப் பதவி எதற்கு வேண்டும் என்று கேட்டார். இதற்கென்று இங்கிலீஷில் நான்கு வரி மனப்பாடம் செய்திருந்தேன். நிறுவனத்தின் வளர்ச்சி, தலைமைப் பண்பு எல்லாம் அதில் வரும். வாயைத் திறந்தேன். கழுத்தில் எலாஸ்டிக் இறுக்கியது. நான்கு வரியும் ஆவியாகிவிட்டன. பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கியவள் மட்டும் மிச்சம் இருந்தாள்.

“ராத்திரி சாப்பாட்டுக்கு என் வைஃப்கூட ஒண்ணா உக்காரணும் சார். அவங்களும் ஷிஃப்ட். மூணு வருஷமா முடியல.”

ஐஸ்வர்யா உடனே மொழிபெயர்க்கவில்லை. குடும்பம், பணி, சமநிலை என்று ஏதாவது கௌரவமாகச் சொல்லி என்னைக் காப்பாற்றியிருக்கலாம். நான் சொன்னதை அப்படியே சொன்னாள். டைரக்டர் பேனாவை மூடினார். மனைவிக்கு இந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று கேட்டார். பி என்றேன். தலையசைத்தார். அவ்வளவுதான்.

கும்பிட்டுத் திரும்பினேன். பின்னால் டைரக்டர் ஏதோ சொன்னார். ஐஸ்வர்யா எழுந்து வந்து, தயங்கி, காதருகே சொன்னாள்.

“அண்ணா, பின்னாடி அந்த வெள்ளை நூலை வெட்டணும். கடைல மடிப்பு கலையாம இருக்கப் போட்டது. பாக்கெட்டும் அப்படித்தான், பிரிச்சுக்கலாம். அப்புறம், அந்த பிசினஸ் ஃபார்மல்ஸ், அது டெம்ப்ளேட். எல்லா மெயில்லயும் வரும்.”

பதினான்கு வருட குவாலிட்டி இன்ஸ்பெக்டர். முதுகில் பெருக்கல் குறியோடு தன்னைத் தானே பாஸ் பண்ணி அனுப்பியிருக்கிறான்.

பத்து நாள் கழித்து நோட்டீஸ் போர்டில் இரண்டு காகிதம் ஒட்டினார்கள். ஒன்றில் என் பெயர் இருந்தது. அசிஸ்டன்ட் மேனேஜர், ஜெனரல் ஷிஃப்ட், ஒன்றாம் தேதி முதல். இன்னொன்று சுற்றறிக்கை: இனிமேல் உள் இன்டர்வியூக்களுக்கு யூனிஃபார்மில் மட்டுமே வரவேண்டும். கம்பெனி வரலாற்றில் என் நிரந்தரப் பங்களிப்பு இரண்டாவது காகிதம்தான். டைரக்டரும் ஸ்ரீபெரும்புதூர் ஹோட்டலில் தினமும் தனியாகத்தான் சாப்பிடுகிறார் என்று பிற்பாடு ஐஸ்வர்யா சொன்னாள். அதற்கும் முதல் காகிதத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்கவில்லை.

ஒன்றாம் தேதி தொடங்கிய வாரம் எழிலரசிக்கு பி ஷிஃப்ட். அதிர்ஷ்டம் எங்கள் வீட்டுக்கும் சார்ட் போட்டுத்தான் வரும். மாலை ஆறரைக்கு வந்து ஃப்ரிட்ஜ் சீட்டைப் படித்து, ‘சரி’ எழுதி, தனியாகச் சாப்பிட்டேன். அடுத்த வாரம் அவளுக்கு ஏ.

திங்கட்கிழமை ஏழு மணி. நான் வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து, மடியில் கோட்டை வைத்துக்கொண்டு பிளேடால் பாக்கெட் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பெருக்கல் குறியை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தாள். உள்ளே கையை விட்டு, மணிக்கட்டு வரை போவதை எனக்குக் காட்டினாள்.

“நல்லா ஆழமாத்தான் கீது மாமா. எங்க போட்டுக்கினு போவ இத?”

தெரியவில்லை என்றேன். கோட்டை ஆணியில் மாட்டினோம். தட்டு வைத்தாள். ஒரே நேரத்தில் இரண்டு தட்டு வைத்ததில் தண்ணீர்ச் செம்புக்கு இடம் போதவில்லை. எதிரெதிரே உட்கார்ந்தோம். சீட்டில் எழுதியே பழகிவிட்டோம். மோட்டார் போட்டாயா என்று கேட்டேன். போட்டேன் என்றாள். பிறகு நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாம்பாரில் உப்பு இல்லை.

இன்னும் கொஞ்சம் ஊற்று என்றேன். என் சர்வீஸில் தெரிந்தே பாஸ் பண்ணிய இரண்டாவது குறை அது.