வெட்டாத பக்கம்

தொப்பியைக் கழற்றும்படி சித்தப்பா மறுபடியும் சொன்னதும் அவன் கழற்றிவிட்டான். பேருந்து ஓட்டுநர்களுக்குக் கொடுக்கும் நீலத் தொப்பி. நேற்று முற்பகலிலிருந்து அது அவன் தலையிலேயே இருந்தது. கழற்றியதும் கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இடப்பக்கம் காதுக்கு மேல் ஒட்ட வெட்டப்பட்டு வெளுத்துத் தெரிந்தது. வலப்பக்கம் முடி காதை மூடிக்கொண்டு கிடந்தது. நடுவில் அப்பா, யார் வந்தாலும் நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு வாங்க என்கிற அப்பா, கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

"நாலு பேர் வந்து போற இடம். இது என்னடா கோலம்?" என்றார் சித்தப்பா.

தெருமுனையில் இன்னொரு சலூன் இருக்கிறது, சுடுகாட்டு வண்டி வருவதற்குள் போய் மீதியையும் வெட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்பது அவர் யோசனை. அவன் வேண்டாம் என்றான். இந்த வீட்டில் யாரும் வேற்று ஆளின் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. தங்கையைப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையைக்கூட அப்பா முதலில் கீழே தன் சலூன் கடைக்குக் கூட்டிப்போய் முடிவெட்டிவிட்டுத்தான் சம்மதம் சொன்னார். தலையை ஆட்டாமல் உட்காருகிறான், நல்ல பையன் என்பது அவர் தீர்ப்பு. அந்த மாப்பிள்ளை இப்போது வாசலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். தங்கை சமையலறைக்குள் இருந்தாள். நேற்றிலிருந்து அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசாததற்குக் காரணம் கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். அப்பாவுக்கு முதுகுவலி என்று படம் எடுத்துப் பார்த்தபோது, நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்குகிற பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருப்பது தெரிந்தது. டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஆபரேஷன் மேசையிலேயே உயிர் போகலாம். பிழைத்தால் கால் இரண்டும் விளங்காமல் போகலாம். செய்யாமல் விட்டால் அது எந்த நேரமும் வெடிக்கும், வெடிக்காமல் சில வருடங்கள் ஓடினாலும் ஓடும். இப்படிப் போனால் கிணறு, அப்படிப் போனால் பள்ளம்.

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டார்:

"நானும் ஆயுசு பூரா அடுத்தவங்க கழுத்துல கத்தி வச்சவன்தான், டாக்டர். என் கடைக்கு நடந்து வந்தவங்க எல்லாரும் நடந்துதான் திரும்பிப் போயிருக்காங்க. அந்த மாதிரி உங்களால சொல்ல முடியுமா?"

டாக்டர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். முடியாது என்றார்.

"நிக்க முடியலைன்னா என்னப்பா?" என்றாள் தங்கை. "உக்காந்திருங்க. எங்களோட உக்காந்திருங்க, போதும்."

அப்பா மகனைப் பார்த்து, நீ சொல்லு என்றார். உங்க இஷ்டம்ப்பா என்றான் அவன். மதில்மேல் பூனை என்று தங்கை அன்றே சொல்லிவிட்டாள். அவன் மதில்மேல் இருக்கவில்லை. சாப்பாட்டைக்கூடத் தட்டைக் கையில் ஏந்திச் சமையல் மேடையோரம் நின்றபடியே சாப்பிடுகிற மனிதர் அவர். உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது என்பார். அவரை ஒரு நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதை அப்போது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அப்பா பழையபடி கடை திறந்தார். தங்கை தினமும் காலையில் ஃபோன் செய்து அவர் குரலைக் கேட்டுக்கொண்டாள். அண்ணனுக்கு வேலை இருக்கும் என்று அவனைக் கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

இப்போது மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் வந்து அவன் கையைப் பிடித்து, நல்ல சாவு, படுக்கையில் கிடக்காமல் போனாரே என்றார். அவன் ஆமாம் என்றான். அடுத்து வந்தவர், காலாகாலத்தில் ஆபரேஷன் செய்திருக்கலாமே என்றார். அதற்கும் ஆமாம் என்றான். அழுகை வரவில்லை. வராததற்காகக் கூச்சமாக இருந்தது. வலது காதில் விழுந்த முடி அரித்தது, அதுதான் அப்போது அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம்.

தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கடைச்சாவி அவள் விரலில் தொங்கியது.

"கீழ வா," என்றாள்.

படி இறங்கி, ஷட்டரைப் பாதிக்கு மேல் தூக்கிவிட்டார்கள். நேற்று இருந்தபடியே இருந்தது கடை. மற்ற சலூன்களில் நாற்காலி கண்ணாடியைப் பார்த்திருக்கும். இங்கே தெருவைப் பார்த்திருக்கும். கண்ணாடி பின்சுவரில். கண்ணாடியைப் பார்த்தால் வெட்டிக்கொள்கிறவனும் முடிவெட்ட ஆரம்பித்துவிடுவான் என்று அப்பா சொல்வார். வேலை முழுதாக முடிந்த பிறகுதான் நாற்காலியைத் திருப்புவார். அதுவரை வந்தவர்களுக்குத் தெருவும் கத்தரிக்கோல் சத்தமும்தான். முடியை வெட்டாத நேரத்திலும் அவர் கத்தரி சும்மா இருக்காது. சீப்பை மாற்றும்போதும் காற்றை வெட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் தூங்கிப்போனவர்கள் உண்டு.

கத்தரிக்கோல் பெஞ்சில் கிடந்தது. தங்கை எடுத்துத் துணியில் துடைத்தாள். பள்ளிக்கூடத்து நாட்களில் இங்கே நின்று கற்றுக்கொண்டவள் அவள். அம்மா இருந்தவரை அம்மாவின் முடியை அவள்தான் வெட்டிவிட்டாள்.

அவன் உட்கார்ந்தான். வெள்ளைத்துணியை உதறி அவன் கழுத்தில் கட்டினாள்.

"தலையை ஆட்டாதே," என்றாள், பழக்கத்தில்.

"அவர் விழல," என்றான் அவன்.

அவள் கை நின்றது.

"எல்லார்கிட்டயும் முடி வெட்டும்போது விழுந்துட்டார்னு சொன்னேன். அவர் விழல. பின்னாடி பெஞ்சுல உக்காந்துட்டார். கத்தரி சத்தம் நின்னுச்சு. தள்ளி நின்னு அளவு பார்க்கறார்னு நினைச்சேன். எப்பவும் பார்ப்பார்ல? தலையை ஆட்டினா திட்டுவார்னு அப்படியே இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. தெருவையே பார்த்துட்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் முடிவெட்ட வந்தார். வாசல்லயே நின்னுட்டார். அவர் மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் திரும்பினேன்."

நாள் முழுக்கப் பேருந்தில் பின்னால் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று கண்ணாடியைப் பார்த்தே பிழைக்கிறவன் அவன். உடனே திரும்பியிருந்தாலும் பயன் இல்லை என்று டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார். அதையும் அவளிடம் சொல்ல நினைத்தான். சொல்வதற்குள் அவளே கேட்டாள்:

"கடைசியா என்ன பேசினார்?"

"உன் ரெண்டு சுழியோட மல்லுக்கட்டியே என் ஆயுசு முடிஞ்சிடும்போலன்னார்."

அவள் சிரிப்பு மாதிரி ஒரு மூச்சு விட்டாள். சீப்பைக் கையில் எடுத்தாள்.

"நின்னுக்கிட்டா சொன்னார்?"

"நின்னுக்கிட்டுதான்."

சீப்பு வலது காதோரம் இறங்கியது. கத்தரி வேலை செய்யத் தொடங்கியது. அப்பாவின் வேகம் இல்லை, ஆனால் தயக்கமும் இல்லை. நரையும் கறுப்புமாக முடி வெள்ளைத்துணியில் விழுந்தது. தெருவில் ஒரு பெண் காய்கறிப் பையோடு போனாள். ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

சத்தம் நின்றது.

அவன் சட்டென்று திரும்பினான். கழுத்துத் துணி தோளை இழுத்தது. தங்கை அங்கேயே நின்றிருந்தாள். கத்தரி பிடித்த கையின் மணிக்கட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்கதான் இருக்கேன்," என்றாள். "திரும்பு."

அவன் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அதன்பின் சத்தம் நிற்கவில்லை. சீப்பை மாற்றும்போதும், பிடரியில் ஒட்டிய முடியை ஊதிவிடும்போதும், தள்ளி நின்று அளவு பார்த்தபோதும், அவள் கத்தரி காற்றை வெட்டிக்கொண்டே இருந்தது. வண்டி வந்து கடை வாசலில் நின்றது. ஓட்டி வந்தவர் குனிந்து, ஷட்டருக்கு அடியில் உள்ளே எட்டிப் பார்த்தார். அவன் தலையை ஆட்டாமல், ஒரு கையை மட்டும் துணிக்கு வெளியே நீட்டி, கொஞ்சம் இருங்கள் என்று காட்டினான்.