திருகாணியின் குடை

ஊரில் ஓடாத சலவை மெஷினையெல்லாம் ஓட வைக்கிற மனிதர் வீட்டிலேயே ஒரு மெஷின் ஓடாமல் கிடக்கிறது என்றால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆக வேண்டும். மெக்கானிக் வீட்டுப் பின்பக்க வராந்தாவில் அது நிற்கிறது. மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் மோட்டார் எரிந்தது. மகன் படித்து முடித்து, வேறு ஊரில் வேலைக்கும் போய்விட்டான். மெக்கானிக் சொன்ன “இதோ அடுத்த வாரம்” மட்டும் இன்னும் வரவில்லை.

அதனால் துணி துவைக்காமல் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பழுது பார்த்த மெஷினை ஒரு முறையாவது முழுசாக ஓட்டிப் பார்க்காமல் மெக்கானிக் யாருக்கும் திருப்பிக் கொடுப்பதில்லை. வெறும் தண்ணீரை எதற்குச் சுற்ற விடுவானேன் என்று வீட்டு அழுக்குத் துணியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் உள்ளே போட்டுவிடுவார். ஆக, இந்தக் குடும்பத்தின் துணிகள் ஊரார் மெஷினில்தான் வெளுக்கின்றன. ஊராருக்கு இது தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து, பிரேமுக்குள் பொருத்துகிறவள். மயிரிழை பிசகினால் கண் வலிக்கும் என்கிற வேலை. அந்தக் கறார் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் போவதில்லை. ஞாயிறு வந்தால் பத்திரிகையில் வருகிற புதிர்க் குறுக்கெழுத்தோடு உட்கார்ந்துவிடுவாள். வெறும் அர்த்தம் கேட்கிற குறுக்கெழுத்து இல்லை இது. ஒவ்வொரு குறிப்பிலும் ஒரு பாதி அர்த்தத்தைச் சொல்லும், மறுபாதி எழுத்துகளை எப்படிக் கோப்பது என்று மறைத்துச் சொல்லும். இரண்டும் ஒரே சொல்லில் வந்து முடிய வேண்டும்.

கல்யாணமான புதிதில் அவள் குறிப்புகளைக் கணவருக்கும் வாசித்துக் காட்டினாள்.

“‘மரத்தின் தலையை வெட்டினால் போதை.’ ரெண்டு எழுத்து. சொல்லுங்க பாப்போம்.”

“மரத்தை வெட்டினா எப்படிப் போதை வரும்?”

“அய்யோ, மரம்கிற சொல்லை வெட்டுங்க! ம போச்சுன்னா மீதி என்ன? ரம்!”

ரம் என்று அவள் சொன்னபோது மெக்கானிக் தூங்கியிருந்தார். ஒரு தடவை தூங்கினால் மன்னிக்கலாம், வாராவாரம் தூங்கினால்? அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். பிறகு போனில் புதிர்க்காரர்கள் குழு ஒன்று கிடைத்தது. விடையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், விளக்கத்தை இவள் சொன்னால்தான் குழுவுக்குத் திருப்தி. “விளக்கம் இல்லாம மை இல்ல” என்பது அவள் சட்டம். விடை தெரிந்தாலும், ஏன் அந்த விடை என்று சொல்லத் தெரியாத வரை பேனா கட்டத்தில் இறங்காது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். மெக்கானிக் அடுப்படியில் நின்று வெங்காயம் அரிந்துகொண்டே அந்தச் சிரிப்பைக் கேட்பார். இதில் நமக்குப் பங்கில்லாமல் போச்சே என்று மனசு அடித்துக்கொள்ளும். தூங்கியது யார் தப்பு? வாயைத் திறந்து கேட்கவும் வழியில்லை.

அவள் போட்டு முடித்த பத்திரிகைகளெல்லாம் பட்டறைக்குத்தான் வரும், கிரீஸ் துடைக்க. ஒரு நாள் மெஷின் ஒன்று சுற்றி முடிக்கக் காத்திருந்தபோது மெக்கானிக் துடைக்க எடுத்த தாளைப் படித்தார். ஓரமெல்லாம் அவள் கையெழுத்து. இந்த எழுத்து இங்கிருந்து, அந்த எழுத்து அங்கிருந்து என்று ஒவ்வொரு குறிப்புக்கும் பொடி எழுத்தில் விளக்கம். மெஷினைப் பிரித்து, எந்தப் பாகம் எதைச் சுற்றுகிறது என்று பார்க்கிற மாதிரியே இருந்தது. அட, இது நம்ம வேலை ஆச்சே! அன்றைக்குப் பிறகு கிரீஸ் துடைக்கப் பழைய பனியன்தான். சில தாள்களில், அபூர்வமாக, ஒரு குறிப்புக்குப் பக்கத்தில் ஒரு டிக் இருந்தது. அவளுக்கு மனசு நிறைந்த குறிப்பு என்று அர்த்தம். எத்தனையோ வாரத் தாளைப் புரட்டினால்தான் ஒன்று கண்ணில் படும்.

மெக்கானிக்குக்கு ஆசை வந்துவிட்டது. அந்த டிக் ஒன்று வேண்டும், அவள் கையால், தான் எழுதிய குறிப்புக்கு.

அவள் தம்பி அந்தப் பத்திரிகையில்தான் பக்கம் வடிவமைக்கிறான். பழைய புதிர்க்காரர் விலகிக்கொண்ட சமயம். உதிரிப் பாகம் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் முதுகில் எழுதிய புதிரோடு மெக்கானிக் மச்சினன் முன்னால் போய் நின்றார்.

“மச்சான், நீங்களா!” என்று வாய் பிளந்த மச்சினன், போட்டுப் பார்த்து, மூன்று வாரம் வெளியிட்டுப் பார்ப்போம் என்றான். “அக்காகிட்ட சொல்லவா?”

“சொன்ன, உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. புருஷன்னு தெரிஞ்சு அவ போடற டிக்கு எனக்கு வேணாம்.”

திருகாணி என்ற புனைபெயரில் புதிர் வந்தது. முதல் வாரம் டிக் இல்லை. இரண்டாம் வாரமும் இல்லை. இது மூன்றாம் ஞாயிறு. இன்றைக்கும் இல்லை என்றால் மச்சினனிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிடுவது என்று மெக்கானிக் முடிவு கட்டியிருந்தார்.

காலையிலிருந்து மழை. பத்திரிகையை நனையாமல் சட்டைக்குள் வைத்து வாங்கிவந்து கொடுத்துவிட்டு, குடையை வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, அடுப்படி வாசலில் முருங்கைக்காயும் கத்தியுமாக உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் மேசையும் தெரியும், அவள் பேனாவும் தெரியும்.

“இன்னிக்கும் திருகாணிதான்” என்றாள் அவள். “பேருதான் திருகாணி. எனக்கென்னமோ மறை கழண்ட கேசுன்னு தோணுது.”

மெக்கானிக் முருங்கைக்காயின் நாரை உரித்தார்.

“‘நகரம் குழம்பினால் தீ எரியும் இடம்.’ நரகம். அரதப் பழசு! எங்க தாத்தா காலத்துல போட்டது.” டிக் இல்லை. “‘கடலோரம் விதை போட்டால் பாட்டு.’ கடலோட ஓரத்துல இருக்கிற க, கூட விதை. கவிதை. ம்ம், பரவால்ல. ஆனா ஓரம்னா எந்த ஓரம்? இந்தப் பக்கமும் ஓரம்தானே, அந்தப் பக்கமும் ஓரம்தானே? பொத்தாம் பொதுவா சொன்னா ஆச்சா?” டிக் இல்லை.

மெக்கானிக் அடுத்த காயை எடுத்தார். அவருடைய நம்பிக்கையெல்லாம் அடுத்த குறிப்பில் இருந்தது. அதற்காகவே யாரோ ஒருவருடைய மெஷினைத் தேவைக்கு மேல் ஒரு சுற்று கூடுதலாக ஓடவிட்டு யோசித்திருந்தார்.

“‘வீட்டோடு விளக்கின் முகமும் சேர்ந்தால் இல்லாள்.’ வீடுன்னா மனை. விளக்கோட முதல் எழுத்து வி. மனைவி.” அவள் பேனாவால் தலையைச் சொறிந்தாள். “விளக்காம், முகமாம்! எப்படி ஐஸ் வைக்கிறான் பாருங்க. இதையெல்லாம் கேட்டுக்கிட்டு ஒருத்தி இவன் வீட்ல உக்காந்திருக்காளே, பாவம் அவ தலையெழுத்து.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கத்தி நழுவி மெக்கானிக்கின் விரலில் லேசாகக் கீறியது. வலித்தது விரல் இல்லை.

அப்புறம் வந்தவை எல்லாவற்றையும் மளமளவென்று போட்டுத் தள்ளினாள். “‘துணி துவைக்கும் எந்திரத்தில் நிற்பது, குதிரை முகமும் நடையின் முடிவும்.’ குடை” என்று வாசித்த வேகத்திலேயே எழுதி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்ததற்குப் போனாள். கடைசிக் கட்டமும் நிரம்பியது. பேனாவை மூடிவைத்தாள்.

ஓரத்தில் ஒரு டிக்கும் இல்லை. சரி, நமக்கு வாய்த்தது ஸ்குரூ டிரைவர்தான் என்று மெக்கானிக் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். மச்சினனுக்கு மத்தியானமே போன் செய்துவிட வேண்டும்.

அப்போது அவள் போன் சத்தம் போட்டது. குழுவில் இருக்கும் மருந்துக்கடை அம்மாவின் குரல் அடுப்படி வரை கேட்டது. “குதிரையில கு, நடையில டை, குடை வந்துருச்சு. ஆனா அது ஏன் துணி துவைக்கிற எந்திரத்துல நிக்குது? அர்த்தம் ஒத்து வரலையே. விளக்கம் சொல்லுங்க.”

மனைவி சிரித்துக்கொண்டே போனை வாயருகே கொண்டுபோனாள். “என்னங்க, இதுகூடவா சொல்லணும்? நனைஞ்ச குடையை வேற எங்க வைப்பீங்க? மெஷினோட டிரம்லதான்! சுத்தி ஓட்டை இருக்கு, தண்ணி தானா வடிஞ்சிரும், தரை நனையாது.” அனுப்பிவிட்டு, இவர்களுக்கு எல்லாவற்றையும் புட்டுப்புட்டு வைக்க வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்தாள்.

பதில்கள் வரிசையாக வந்தன. எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் என்றார் ஒருவர். குளியலறையில் வாளிக்குள் என்றார் இன்னொருவர். கடைசியாக மருந்துக்கடை அம்மா கேட்டாள்: “ஓடற மெஷின்ல யாரும்மா குடையைப் போடுவா? உங்க வீட்ல போடுவீங்களா?”

“ஆமா, நாங்க...” என்று பேசத் தொடங்கிய மனைவி பாதியில் நின்றாள்.

அடுப்படியில் மெக்கானிக் தேள் கொட்டிய திருடனைப் போல நின்றார். அவருக்கும் இப்போதுதான் உறைத்தது. மழை பெய்தால் குடை டிரம்முக்குள் போகும் என்பது சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது மாதிரி இந்த வீட்டில் பழகிப்போயிருந்தது. ஊரெல்லாம் அப்படித்தான் என்று எழுதிவிட்டார். பக்கத்தைப் போட்ட மச்சினனாவது பார்த்திருக்கக் கூடாதா? அவன் எங்கே பார்ப்பான், அக்கா வீட்டுக்கு வந்தால் அவன் குடையும் அங்கேதானே நிற்கும்! நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மனைவி எழுந்து பின்பக்க வராந்தாவுக்குப் போனாள். மெஷினின் மூடியைத் தூக்கிப் பார்க்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்து, மூடிய பேனாவைத் திறக்காமல், முதல் குறிப்பிலிருந்து மறுபடி படித்தாள். இந்த முறை சத்தமில்லை. உதடு மட்டும் அசைந்தது. விளக்கு வரும் இடத்தில் வெகுநேரம் நின்றாள்.

“ஏங்க.”

“ம்.”

“மறை கழண்ட கேசுன்னு சொன்னேன்.”

“சொன்ன.”

“பாவம் அவன் பொண்டாட்டின்னு வேற சொன்னேன்.”

“அதையும் சொன்ன.”

“மூணு வாரமா கல்லு மாதிரி உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்களா, மனுஷா!” அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “எதுக்குங்க இதெல்லாம்? எப்பக் கத்துக்கிட்டீங்க?”

“நீ போட்டுட்டுக் குடுத்த பேப்பர்ல இருந்துதான். அன்னிக்கு நீ சொல்லித் தந்தப்ப நான் தூங்கிட்டேன். அப்புறம் நீ எங்கிட்ட சொல்றதையே விட்டுட்ட.” மெக்கானிக் அடுப்பைப் பார்த்தே பேசினார். “நீ சிரிக்கிறப்ப எனக்கு ஏக்கமா இருக்கும். ஒரே ஒரு டிக்கு வாங்கிட்டா போதும்னு பார்த்தேன். இப்ப போட்டுடாத. தெரிஞ்சப்புறம் இரக்கப்பட்டுப் போடறது எனக்கு வேணாம்.”

“இரக்கமா? எங்கிட்டயா? லென்ஸ் தப்பா இருந்தா எங்கம்மா கண்ணாடியையே திருப்பி அனுப்பினவ நான்.”

அவள் போனை எடுத்தாள். குழுவுக்குச் சொல்லும் விளக்கத்தை எப்போதும் போல நிறுத்தி, நிதானமாகச் சொன்னாள். “குடைக் குறிப்பு தப்புதான். எழுத்து சரியா வருது, அர்த்தம் ஊருக்குப் பொதுவா இல்ல. அப்படி எழுதக் கூடாது. திருகாணிக்கு இது ஒரு பாடம்.”

மெக்கானிக்கின் தலை தொங்கியது. அவள் இன்னும் போனின் பேசும் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“இந்தக் குறிப்பு உலகத்துல ஒரே ஒரு வீட்டுக்குத்தான் பொருந்தும். அந்த வீட்ல நான்தான் குடியிருக்கேன். திருகாணி எங்க வீட்டுக்காரர்.”

அனுப்பிவிட்டுப் பேனாவைத் திறந்தாள். பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்து, குடைக் குறிப்பின் ஓரத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டாள்.

மெக்கானிக் அடுப்படியை விட்டு வந்து எட்டிப் பார்த்தார். “தப்புன்னு இப்பத்தானே சொன்ன? விளக்கம் இல்லாம மை இல்லன்னு யாரு சட்டம்? விளக்கம் சொல்லு.”

“ஊருக்குத் தப்பு. எனக்கு, படிச்சேன், நம்ம டிரம் கண்ணு முன்னாடி வந்துச்சு, எழுதிட்டேன். யோசிக்கவே இல்ல. எத்தனையோ பேரோட குறிப்பைப் போட்டுப் பார்த்திருக்கேன், இந்த மாதிரி ஒண்ணு எனக்கு வந்ததில்ல. தெரியறதுக்கு முன்னாடியே போட்ட டிக்குங்க இது, மை மட்டும் இப்பத்தான் வருது.” அவள் பக்கத்து நாற்காலியை வெளியே இழுத்தாள். “அடுப்பை அணைச்சிட்டு வந்து உக்காருங்க. ஓரம்னா எந்த ஓரம்னு சண்டை போடணும் உங்ககூட.”

மெக்கானிக் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். உச்சி குளிர்ந்த மனிதருக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை, அவள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒன்றை இன்றைக்காவது கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

“அடுத்த வாரம் அந்த மெஷினுக்கு மோட்டார் மாத்திடறேன்” என்றார்.

“அதுல கை வச்சீங்கன்னா பாருங்க” என்றாள் அவள்.