ஸ்கேனுக்குக் கட்டிய கயிறு

திருவேற்காட்டுக் கோயில் வாசலில் வாங்கிய மஞ்சள் கயிற்றைப் பூந்தமல்லி பஸ்ஸில் வைத்து மகளிடம் நீட்டினான் துலுக்கானம். "கயுத்துல கட்டிக்கோ. யார்னா கேட்டா, புருசன் மிலிட்டரில கீறாருன்னு சொல்லு."

தாட்சாயிணி வாங்கித் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டாள். கல்யாணமாகாத பெண்ணுக்கு வயிறு மேடிட்டிருந்ததைக் கள்ளிக்குப்பமே வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தது. ஊர் வாய்க்குப் பயந்த மனுஷன், "யார்ரீ அவன்?" என்று கேட்டுக் கேட்டே வீட்டை நரகமாக்கிவிட்டான். "சாயங்காலமானா ஜொரம் அடிக்குது நைனா, சோறே எறங்கல" என்று அவள் அழுததெல்லாம் நடிப்பு என்று ஒரே போடாகப் போட்டான். கை கால் குச்சியாகிப் போனதை அந்தப் பாழும் கண் பார்க்கவில்லை. அதற்கு வயிறு மட்டும்தான் தெரிந்தது.

ஸ்கேன் சென்டரில் மூத்திரம் முட்டும்வரை தண்ணீர் குடிக்க வைத்து உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா வயிற்றில் பசையைத் தடவி, கருவியை நகர்த்தி நகர்த்தித் திரையைப் பார்த்தார். துலுக்கானம் கதவோரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கர்ப்பமெல்லாம் இல்லையே. வயிறு பூரா தண்ணி கோத்திருக்கு, குடலைச் சுத்தி நெறி கட்டியிருக்கு. வயித்து டிபி மாதிரி தெரியுது. தண்ணியை எடுத்து டெஸ்ட் பண்ணணும். இவ்வளவு நாள் என்னய்யா பண்ணிட்டிருந்தே? இன்னும் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து."

"டிபிதானா! தாயே கருமாரி, டிபிதானா!" கன்னத்தில் போட்டுக்கொண்டு வாய்கொள்ளாமல் சிரித்தான் துலுக்கானம்.

படுத்திருந்த தாட்சாயிணி தலையைத் திருப்பி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் சோடா வாங்கி நீட்டினான். அவள் தொடவில்லை. "நான் சாவப்போறேன்னு சொல்லியிருந்தாலும் இப்டிதான் சிரிச்சிருப்ப, இல்ல நைனா?"

பெற்ற மகளை நம்பாத பாவியாகிவிட்டோமே என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "அந்தக் கயித்தக் கயட்டிரும்மா," என்றான் மெல்ல.

"நீதான கட்டச் சொன்ன? நம்ம தெருவுல வந்து நீயே கயட்டு."

கள்ளிக்குப்பம் குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். தாட்சாயிணி அவர்கள் நடுவே போய் நின்று குனிந்து கழுத்தைக் காட்டினாள்.

"எம் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல. வேற ஒண்ணும் இல்ல. நான்தான் நம்பல," என்றான் துலுக்கானம். லேத் பட்டறையில் நுணுக்க வேலை பார்த்துப் பழகிய விரல்களுக்கு அந்தச் சின்ன முடிச்சை அவிழ்க்க வரவில்லை.